பெர்செர்க்: இதழ், தொகுதி, அனிமே – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கென்டாரோ மியுரா எழுதி வரைந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) பெர்செர்க், இருண்ட கற்பனைக் கதைகளில் பெரும்பாலோர் முதலில் சொல்லும் பெயர். தனி ஆளாக மலை போன்ற வாளைத் தூக்கிக்கொண்டு அலையும் கட்ஸ், அவன் ஒரு காலத்தில் உயிராக நினைத்த கிரிஃபித், இருவருக்கும் நடுவில் நிற்கும் காஸ்கா: கதையின் மையம் இந்த மூவர்தான். மங்கா முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதன் அசைபட வடிவமான அனிமேயோ பல வடிவங்களில் சிதறிக் கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எங்கே தொடங்குவது என்று தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. அப்படி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கதையின் பெரிய திருப்பங்களை எங்கும் உடைக்கவில்லை.

பெர்செர்க் முதலில் எங்கே, எப்போது வெளிவந்தது?

ஜப்பானின் ஹாகுசென்ஷா பதிப்பகம் நடத்திய ‘அனிமல் ஹவுஸ்’ என்ற மாத இதழில், 1989 ஆகஸ்ட்டில். மியுராவுக்கு அப்போது 23 வயது. முதல் தொகுதி புத்தகமாக வந்தது 1990 நவம்பரில்.

1992இல் அந்த மாத இதழ் போய், அதன் இடத்தில் ‘யங் அனிமல்’ மாதம் இருமுறை வரத் தொடங்கியது. பெர்செர்க்கும் அங்கே மாறியது. இன்றுவரை அங்கேதான் வருகிறது. யங் அனிமல் வயது வந்த ஆண்களைக் குறிவைக்கும் இதழ். அட்டையில் பெரும்பாலும் நீச்சலுடை அணிந்த மாடல் சிரித்துக்கொண்டிருப்பார். உள்ளே பத்துப் பக்கம் தள்ளினால் கட்ஸ் இரத்தத்தில் நனைந்து நிற்பான். ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கம் ஆடும் ஒரு சிறுவனின் தனிமையைச் சொல்லும் ‘மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்’ தொடரும் இதே இதழில்தான் வருகிறது. இத்தனை வித விதமான கதைகளுக்கு நடுவில், எந்தக் கட்டாயமும் இல்லாமல் மியுராவைத் தன் போக்கில் வரையவிட்ட இதழ் என்பதற்காகவே அதன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அதற்கு முன்பே ஒரு பெர்செர்க் இருந்ததாமே?

ஆமாம். 1988இல் மியுரா 48 பக்கத்தில் ஒரு மாதிரிக் கதை வரைந்தார். ஹாகுசென்ஷாவின் ‘காமிகாமி’ இதழில் அது வெளிவந்தது. கட்ஸ் இருக்கிறான், அவனோடு ஒட்டிக்கொண்டு திரியும் பக் என்ற குட்டி எல்ஃப் (இறக்கையுள்ள தேவதை) இருக்கிறான், பெரிய வாளும் இருக்கிறது. ஆனால் கதையின் முதுகெலும்பான கிரிஃபித்தின் வரலாறு இன்னும் உருவாகவில்லை. 14வது தொகுதியின் கடைசியில் இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

அதே தொகுதியின் முற்பகுதியில், மியுராவின் கை உச்சத்தைத் தொட்ட காலத்துப் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்து முடித்த கையோடு இந்த மாதிரிக் கதையைப் புரட்டுங்கள். கோடுகள் தடிமனாக இருக்கும், முகங்கள் அந்தக் காலத்து அடிதடி மங்காக்களைப் போலவே இருக்கும், பின்னணி பல கட்டங்களில் வெறுமையாகக் கிடக்கும். ஒரு மனிதன் பத்து வருடத்துக்குள் எவ்வளவு தூரம் நடந்துவிட்டான் என்பதை ஒரே புத்தகத்தில் பார்க்கலாம்.

கதை எத்தனை பாகங்கள்? எந்தத் தொகுதி எதில் வருகிறது?

‘கறுப்பு வாள்வீரன்’ முதல் மூன்று தொகுதிகள். மூன்றாவது தொகுதியின் பிற்பகுதியில் கதை பின்னோக்கிப் போய் ‘பொற்காலம்’ ஆரம்பிக்கும். 14 வரை போகும். அங்கிருந்து 21 வரை ‘தண்டனை’ பாகம், 22 முதல் 35 வரை ‘புத்தாயிரப் பேரரசின் பருந்து’ பாகம், அதன் பிறகு ‘ஃபான்டேசியா’.

கவனிக்க வேண்டியது: பொற்காலம் மிக நீளமான ஒரு பின்கதை. கட்ஸ் ஏன் இப்படி ஆனான் என்பதைச் சொல்ல, மியுரா கிட்டத்தட்ட பதினோரு தொகுதிகள் எடுத்துக்கொண்டார். அனிமேயாக எடுத்தவர்கள் அநேகமாக எல்லாரும் இந்தப் பகுதிக்கே திரும்பத் திரும்ப வந்தார்கள். பின்னால் வரும் பதில்களில் பாதி குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

83வது அத்தியாயம் ஏன் எந்தத் தொகுதியிலும் இல்லை?

மியுராவே வேண்டாம் என்று எடுத்துவிட்டார். யங் அனிமலில் அது அச்சாகி வெளிவந்தது. கிரகணம் என்று வாசகர்கள் சொல்லும் பயங்கரமான கட்டத்தின் நடுவில், கிரிஃபித் ஓர் ஆழத்துக்குள் இறங்கி, அந்த உலகத்தின் விதியை நடத்துவது யார் என்று நேருக்கு நேர் பார்க்கிறான். 13வது தொகுதியைத் தொகுத்தபோது அந்த அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடும்படி மியுரா கேட்டுக்கொண்டார். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், கதையின் எல்லை அங்கேயே முடிந்துவிடும் என்பது அவர் கவலை.

இணையத்தில் தேடினால் அந்தப் பக்கங்கள் கிடைக்கும். முதல் வாசிப்பில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது என்பேன். எழுதியவரே யோசித்து அகற்றிய ஒன்று அது. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் படிக்கும்போதுதான் அடுத்த தொகுதிகளில் இருக்கும் இருட்டு உண்மையான இருட்டாக இருக்கிறது.

ஒரு சின்ன விளக்கம்: இந்த எண் வரிசை தொடரின் முதல் பக்கத்திலிருந்து எண்ணப்படுவது அல்ல. தொடக்கத் தொகுதிகளில் இருக்கும் அத்தியாயங்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே மொத்த அத்தியாயங்கள் எண் காட்டுவதைவிடச் சற்று அதிகம்.

இவ்வளவு தாமதமாக வெளிவந்தது ஏன்?

தொகுதிகளின் தேதியைப் பார்த்தாலே நிலவரம் புரியும். 1990 முதல் 2010 வரை, இருபது ஆண்டில் 35 தொகுதிகள். அடுத்து 36வது 2011இல், 37வது 2013இல். 38வது தொகுதிக்கு வாசகர்கள் மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள், 2016இல் வந்தது. 39வது 2017, 40வது 2018. 41வது தொகுதி வந்தபோது மியுரா உயிரோடு இல்லை.

கட்ஸும் கூட்டமும் எல்ஃப்களின் தீவைத் தேடிக் கப்பலில் போய்க்கொண்டிருந்த கட்டம் இந்தக் காலத்தில்தான் வந்தது. ‘இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லையா?’ என்பது உலகம் முழுக்க பெர்செர்க் வாசகர்களின் பேச்சாகவே ஆகிவிட்டது. மியுரா சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. 2013, 2014இல் ‘ஜைகான்டோமாகியா’ என்ற தனிக் கதையை வரைந்து ஒரே தொகுதியாக முடித்தார். 2019இல் தன் உதவியாளர்களோடு ‘டுராங்கி’ என்ற தொடரையும் தொடங்கினார்.

ஆனால் தாமதத்துக்கு உண்மையான பதில் பக்கங்களில் இருக்கிறது. பிற்காலத் தொகுதி ஒன்றை எடுத்து, போர்க்களக் காட்சி ஒன்றில் நிறுத்திப் பாருங்கள். பின்வரிசையில் நகத்தளவு நிற்கும் படைவீரனின் கவசத்துக்கும் மடிப்பு இருக்கும், ஆணி இருக்கும், நிழல் இருக்கும். கூட்டத்தைக் காட்ட நாலு கிறுக்கல் போட்டு ஏமாற்றும் பழக்கம் அவரிடம் கிடையாது. இந்தப் பக்கங்களை மாதம் இருமுறை தந்துகொண்டிருக்க எந்த மனிதராலும் முடியாது. அவசரமாக வந்த பெர்செர்க்கைவிட காத்திருந்து கிடைத்த பெர்செர்க்தான் மேல் என்று நான் மனதார நம்புகிறேன்.

மியுரா இறந்தபோது கதை எங்கே நின்றது?

2021 மே 6 அன்று, பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து அவர் காலமானார். வயது 54. இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று, ஹாகுசென்ஷா அந்தச் செய்தியை வெளியிட்டது.

அவர் கடைசியாகக் கைவைத்த 364வது அத்தியாயம், அந்த வருடம் செப்டம்பர் 10 தேதியிட்டு வந்த யங் அனிமல் நினைவிதழில் வெளியானது. மீதமிருந்த வேலையை அவருடைய உதவியாளர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அதே நாளில் டோக்கியோ இகெபுகுரோவில் அவருடைய மூல ஓவியங்களின் பெரும் கண்காட்சியும் திறந்தது. திட்டமிட்டபோது அது அவருடைய 32 வருட உழைப்பைக் கொண்டாடும் விழா. திறந்தபோது அஞ்சலி ஆகிவிட்டது. 41வது தொகுதி அந்த டிசம்பரில் புத்தகமானது.

இப்போது யார் தொடர்கிறார்கள்?

மியுராவின் உதவியாளர்கள் குழுவான ‘ஸ்டூடியோ காகா’ வரைகிறது. மேற்பார்வை கோஜி மோரி. ‘ஹோலிலேண்ட்’ வரைந்த அதே மோரி. மியுராவுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்.

இவர் எப்படி வந்தார் என்பதை 2022 ஜூன் 7 அன்று வெளியிட்ட அறிக்கையில் மோரியே எழுதியிருக்கிறார். ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு முன்பு, கிரகணக் கட்டத்தை வரையப் போகும் நேரத்தில், மியுரா இவரைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டிருக்கிறார். ஒரு சாயங்காலம் பேசிவிட்டுக் கிளம்பலாம் என்று வந்த மோரி, ஒரு வாரம் அந்த வேலையறையிலேயே தங்கிவிட்டார். அந்த ஒரு வாரத்தில் பெர்செர்க்கின் முடிவுவரை கதை பேசித் தீர்ந்துவிட்டது. பிறகு வந்த வருடங்களில் கதை அன்றைக்குப் பேசிய தடத்திலேயே போய்க்கொண்டிருந்தது என்கிறார் மோரி. அந்த முடிவை மியுராவிடமிருந்து முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

2022 ஜூன் 24 அன்று தொடர் மறுபடி தொடங்கியது. 42வது தொகுதி 2023 செப்டம்பரில் வந்தது. அட்டையில் மூலக்கதை மியுரா, ஓவியம் ஸ்டூடியோ காகா, மேற்பார்வை மோரி என்று மூன்றாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

மியுரா இல்லாத பெர்செர்க்கைப் படிக்கலாமா?

படிக்கலாம், படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மோரி கொடுத்த வாக்கு மிகவும் தெளிவானது: மியுரா தன்னிடம் சொன்னதை மட்டும் எழுதுவேன், சதை சேர்த்து ஊத மாட்டேன், சரியாக நினைவில்லாத கட்டத்தைத் தொட மாட்டேன்.

வித்தியாசம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஓவியம் அசாத்தியமாக ஒட்டி வருகிறது. மியுராவின் கைகளுக்குப் பக்கத்திலேயே பல வருடம் உட்கார்ந்தவர்கள் அல்லவா. வேறுபடுவது நடை. மியுரா ஒரு காட்சியில் நின்று சுற்றிப் பார்ப்பார். பேசாமல் இரண்டு பக்கம் போகும். ஒரு முகம் திரும்புவதற்கு மூன்று கட்டம் எடுத்துக்கொள்வார். இப்போதைய அத்தியாயங்கள் நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்கின்றன. அது மோரி கொடுத்த வாக்கின் நேரடி விளைவு. இல்லாததை இட்டு நிரப்பாமல் இருப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும். நண்பன் சொன்ன கதையை நண்பன் சொன்ன அளவுக்கே சொல்வேன் என்று ஒருவர் நிற்பது இந்தத் தொடரின் வாசகர்களுக்குக் கிடைத்த பாக்கியம்.

1997 அனிமே எதுவரை போகிறது?

1997 அக்டோபர் முதல் 1998 மார்ச் வரை நிப்பான் தொலைக்காட்சியில் 25 பகுதிகள். தயாரித்தது ஓஎல்எம், இயக்கியவர் நாவோஹிட்டோ தகஹாஷி. முதல் பகுதியில் கறுப்பு வாள்வீரனைக் காட்டிவிட்டு, இரண்டாவதிலிருந்து பொற்காலத்துக்குப் போய், கிரகணத்தின் நடுவில் அப்படியே நின்றுவிடும்.

பணம் குறைவாக வைத்து எடுத்த தொடர் என்பது பார்த்தவுடன் தெரியும். சண்டைகளில் அசைவு கம்மி. பல இடங்களில் தீட்டிய நிலைப்படத்தைக் காட்டிக் கடப்பார்கள். ஆனாலும் இன்றுவரை பெரும்பாலான ரசிகர்கள் உயர்த்திப் பிடிப்பது இந்த வடிவத்தைத்தான், நானும் அந்தக் கட்சிதான். காரணம் பொறுமை. கட்ஸுக்கும் கிரிஃபித்துக்கும் இடையில் நட்பு வளர்வதையும், அதில் விரிசல் விழுவதையும் அவசரப்படாமல் காட்டுகிறது. இன்னொரு காரணம் சுசுமு ஹிராசாவாவின் இசை. அவருடைய குரலும் மின்னிசையும் கலந்து ஒலிக்கும்போது இடைக்காலப் போர்க்களம் கனவுபோல மாறும். பின்னால் வந்த படங்களிலும் விளையாட்டுகளிலும் அவரைத் தேடிப் போனார்கள் என்றால் சும்மாவா?

விட்டுவிட்டது என்ன என்பதும் முக்கியம். பக் இல்லை. மண்டையோட்டு முகத்தோடு வரும் மர்ம வீரன் ஸ்கல் நைட் இல்லை. ஸ்கல் நைட் இல்லாததால், கடைசிக் கட்டத்துக்குப் பிறகு எவர் எப்படிப் பிழைத்தார் என்பதற்கு இந்தத் தொடரில் விடையே கிடையாது.

மூன்று திரைப்படங்கள் வேறு இருக்கின்றனவே?

ஸ்டூடியோ 4°சி தயாரித்தது, தோஷியுகி குபோஒகா இயக்கியது. முதல் இரண்டும் 2012இல், மூன்றாவது 2013 பிப்ரவரியில் திரைக்கு வந்தன. மறுபடியும் பொற்காலம்தான்! சுமார் நாலரை மணி நேரத்துக்குள் அதை அடக்க, கட்ஸின் குழந்தைப் பருவத்தையும் படைவீரர்களின் சின்னச் சின்னக் காட்சிகளையும் வெட்டினார்கள். முதல் படத்தில் கணினி உருவங்கள் உறுத்தும். மூன்றாவது படத்துக்குள் அது வெகுவாகச் சரியாகிவிட்டது. கிரகணத்தை அதன் முழு பயங்கரத்தோடு அசைவில் காட்டியது இந்த மூன்றாவது படம் மட்டுமே. ஸ்கல் நைட்டும் இதில் உண்டு.

2022 அக்டோபரில் இதே படங்களை 13 பகுதிகளாகப் பிரித்து, புதுக் காட்சிகள் சேர்த்து, ‘மெமோரியல் எடிஷன்’ என்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். படத்தில் விடுபட்டிருந்த ஒரு முக்கியமான காட்சி அதில் திரும்பி வந்தது: குன்றின்மேல் நின்று, கீழே எரியும் பாசறைத் தீக்களைப் பார்த்து, ஒவ்வொன்றும் ஒரு வீரனின் சின்னக் கனவு என்று கட்ஸ் காஸ்காவிடம் பேசும் காட்சி. அந்தப் பேச்சு இல்லாவிட்டால், அவன் ஏன் கிரிஃபித்தின் படையை விட்டுப் போகிறான் என்பதே சரியாக விளங்காது. படம் பார்ப்பதாக இருந்தால் இந்தப் பதிப்பையே பாருங்கள்.

2016 தொடரை ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள்?

2016 ஜூலையில் தொடங்கி 2017 ஜூன் வரை இரண்டு பருவமாக 24 பகுதிகள் வந்தன. இயக்கம் ஷின் இதகாகி. பொற்காலத்துக்குப் பிந்தைய கதையைத் திரைக்குக் கொண்டுவந்த ஒரே முயற்சி இது. கட்ஸ் பெர்செர்க்கர் கவசத்தை அணியும் கட்டத்தையும் தொடுகிறது.

குறை கணினி அசைவில்தான். உருவங்கள் பாரமே இல்லாமல் நகரும், கேமரா நிலைகொள்ளாமல் சுழலும், வாள் விழும்போது கனம் தெரியாது. கனத்தைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லாத வாள் அது! ‘தொலைந்த குழந்தைகள்’ என்ற பகுதியை அடியோடு விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் பெரிய வருத்தம். ரோஸீன், ஜில் என்ற இரண்டு சிறுமிகளின் கதை அது; 14 முதல் 16 வரையான தொகுதிகளில் இருக்கிறது. வீட்டில் அடிபடும் குழந்தை தப்பிப் போக எங்கே இடம் தேடும் என்று மியுரா கேட்கும் கேள்வி அதில் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டுப் போனால் அடுத்த கதையில் கட்ஸ் வெறும் கொலைகாரனாகத் தெரிவான்.

விளையாட்டு, நாவல்?

1999இல் டிரீம்காஸ்ட் என்ற வீடியோ கேம் கருவிக்கு ஒன்று, 2004இல் ஜப்பானில் மட்டும் பிளேஸ்டேஷன் 2க்கு ஒன்று, 2016இல் கோயி டெக்மோவின் ஒமேகா ஃபோர்ஸ் குழு செய்த ஒன்று. கடைசியது அடுத்த வருடம் மேற்கு நாடுகளிலும் ‘பெர்செர்க் அண்ட் த பேண்ட் ஆஃப் த ஹாக்’ என்ற பெயரில் வந்தது. 2017இல் மகோட்டோ ஃபுகாமி எழுதிய ஒரு நாவலும் உண்டு: கிரிஃபித்தின் படையில் இருக்கும் கிரன்பெல்டின் முன்கதை, மியுராவின் ஓவியங்களோடு.

எவ்வளவு விற்றிருக்கிறது? விருது ஏதும்?

2021ஆம் ஆண்டிலேயே அச்சான பிரதிகள் 5 கோடியைத் தாண்டிவிட்டன. 2002இல் தெசுகா ஒசாமு கலாச்சார விருதின் மேன்மைக்கான பரிசு (Award for Excellence) மியுராவுக்குக் கிடைத்தது.

ஆங்கிலத்தில் எந்தப் பதிப்பை வாங்கலாம்?

அமெரிக்காவின் டார்க் ஹார்ஸ் காமிக்ஸ் 2003 முதல் தனித் தொகுதிகளாக வெளியிட்டு வருகிறது. 2019இல் டீலக்ஸ் பதிப்பு தொடங்கினார்கள்: கறுப்புக் கெட்டி அட்டை, சிவப்பு எழுத்து, மூன்று தொகுதிகள் ஒரே புத்தகத்தில், பெரிய அளவு. விலை கையைக் கடிக்கும், கனமும் அதிகம். படுத்துக்கொண்டு படிக்க முடியாது. ஆனால் மியுராவின் இரட்டைப் பக்க ஓவியங்களைச் சின்ன அளவில் பார்த்தவர்கள் இதில் பார்த்தால் அசந்துபோவார்கள். ஒன்றே ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்றால் முதல் டீலக்ஸ் போதும். கறுப்பு வாள்வீரன் பாகம் முழுதும் அதற்குள் வந்துவிடும், பொற்காலத்தின் வாசல்வரை போய்விடலாம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

யாருக்கு ஏற்றதல்ல?

சிறுவர்களுக்குக் கண்டிப்பாக அல்ல. கொலையும் சித்திரவதையும் ஒளிவுமறைவின்றி வரும். பாலியல் வன்முறை ஆரம்பத் தொகுதிகளிலிருந்தே பல இடங்களில் இருக்கிறது. கிரகணத்தில் மிகக் கொடுமையாக இருக்கிறது. அந்தக் காயத்தோடு காஸ்கா எப்படி வாழ்கிறாள் என்பதை மியுரா கடைசிவரை விடாமல் பின்தொடர்ந்தார். இருந்தாலும் சில காட்சிகளில் அவர் எல்லை மீறினார் என்று நினைக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். முதல் மூன்று தொகுதிகளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது நியாயம் என்றே படுகிறது. இந்த விஷயங்கள் உங்களைத் தொந்தரவு செய்யும் என்றால், யாரும் வற்புறுத்துகிறார்கள் என்பதற்காகப் படிக்க வேண்டாம்.

அனிமே பார்த்து முடித்துவிட்டேன். மங்காவை எந்தத் தொகுதியிலிருந்து தொடரலாம்?

‘14இலிருந்து எடு, பொற்காலம்தான் பார்த்தாச்சே’ என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், முதல் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். 1997 தொடர் கறுப்பு வாள்வீரனை ஒரே பகுதியில் தொட்டுவிட்டு ஓடியது, படங்கள் அதையும் செய்யவில்லை. மூன்றாவது தொகுதியில் கட்ஸ் யாரைப் பார்த்து வெறிகொள்கிறான் என்பதைக் கண்டுவிட்டுப் பொற்காலத்துக்குள் போவது ஒரு அனுபவம். பொற்காலத்திலேயே தொடங்குவது வேறு அனுபவம். முதல் வழியில், கிரிஃபித் முதன்முதலாகச் சிரிக்கும் பக்கத்திலேயே உங்களுக்கு வயிறு கலங்கும். மியுரா அப்படித்தான் அடுக்கினார். எந்த அனிமேயும் அந்த வரிசையை முழுதாகக் காப்பாற்றவில்லை.